நூற்றுக்கணக்கான படங்களை மொத்தமாகச் சிறிதாக்கி ஷார்ப்பாக்க: எந்த மென்பொருளைத் தேர்வது, எப்படித் தொடங்குவது

கோயில் கும்பாபிஷேகமோ வீட்டு விசேஷமோ, இரண்டு நாள் கேமராவும் கையுமாக அலைந்தால் 600, 700 படம் சேர்ந்துவிடுகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு படம் 6000க்கு 4000 பிக்சல். ஜேபெக்காக எடுத்தாலே ஒவ்வொன்றும் 8 எம்பி, 10 எம்பி என்று வரும். இதை அப்படியே சொந்தக்காரர்களுக்கு அனுப்ப முடியாது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் போட்டால் அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கி, அம்மனின் மூக்குத்தியை ஒரு வெள்ளைப் புள்ளியாக்கி அனுப்பும். ஒவ்வொரு படமாகத் திறந்து நாமே குறைக்க உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அதற்கே போய்விடும்.

இந்த வேலையை மொத்தமாகச் செய்து தர நிறைய மென்பொருள்கள் உண்டு. நல்லவை பலவும் இலவசம். புதிதாக வருகிறவர்கள் ஏதோ ஒன்றை இறக்கிக்கொண்டு, அதில் என்ன இருக்கிறதோ அதை வைத்து ஓட்டிவிட்டு, படம் சொதசொதவென்று இருக்கிறது அல்லது கரகரவென்று இருக்கிறது என்று வருத்தப்படுகிறார்கள். தேர்ந்தெடுக்க ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும், அப்புறம் பல வருடத்துக்குக் கவலையில்லை.

முதலில் ஐந்து படங்கள்

மென்பொருளைத் தேடுவதற்கு முன் உங்கள் படங்களிலிருந்தே ஐந்தைத் தேர்ந்து தனி ஃபோல்டரில் நகலெடுத்து வையுங்கள். அழகான படங்கள் வேண்டாம், தகராறு பிடித்த படங்களாக இருக்கட்டும். நான் வைத்திருக்கும் ஐந்து இவை.

ஒன்று, பட்டுச்சேலையின் ஜரிகைக் கரை நன்றாகத் தெரியும் படம். நெருக்கமான கோடுகள் உள்ள துணியை மட்டமான முறையில் சிறிதாக்கினால், துணியில் இல்லாத அலை அலையான பட்டைகள் முளைக்கும். இரண்டாவது, வயதானவர் ஒருவரின் முகம். ஷார்ப்பன், அதாவது விளிம்புகளைக் கூராக்கும் வேலை, கொஞ்சம் கூடினாலும் சுருக்கங்கள் கத்தியால் கீறியதுபோல ஆகிவிடும். மூன்றாவது, வெளிறிய வானத்துக்கு எதிரே தென்னை மட்டைகள். ஓலையின் விளிம்பில் வெள்ளைக் கோடு படர்கிறதா என்று இதில்தான் சட்டென்று தெரியும். நான்காவது, இரவில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணரும் திறனை, கூட்டி வைத்து எடுத்த தீபாராதனைப் படம், இருட்டுப் பகுதியெல்லாம் மணல் தூவியதுபோல நாய்ஸ் உள்ளது. ஐந்தாவது, செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒரு படம். அது எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த ஐந்தையும் கொடுத்து, வெளியே வருவதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அதன் இணையதளத்தில் காட்டும் மாதிரிப் படங்கள் நம் படங்களுக்குச் சாட்சியாகாது.

படம் எங்கே போகப்போகிறது

அளவை முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: இந்தப் படத்தை யார், எதில் பார்க்கப்போகிறார்கள்?

போனிலும் கணினியிலும் பார்க்க, நீளமான பக்கம் 2000 பிக்சல் சுற்றுவட்டாரத்தில் இருந்தால் தாராளம். சாதாரண ஃபுல் எச்டி திரையே 1920க்கு 1080தான். 4கே டிவியில் போட்டுக் குடும்பத்தோடு பார்க்கும் எண்ணம் இருந்தால் 3840 வையுங்கள். பிரிண்டுக்கு என்றால் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போடுங்கள். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 பிக்சல். ஆல்பத்தில் 12க்கு 18 தாளுக்கு 3600க்கு 5400. அதாவது 24 மெகாபிக்சல் படம் இந்த ஆல்பத் தாளுக்குக் கிட்டத்தட்ட முழுதாகவே வேண்டியிருக்கும். பெரிய பிரிண்டுக்குப் போகும் படங்களைச் சிறிதாக்கும் பேச்சே வேண்டாம்.

இணையத்துக்கு 72 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 72 புள்ளி, வைக்க வேண்டும் என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். திரையில் தெரிவதைத் தீர்மானிப்பது பிக்சல் எண்ணிக்கைதான். டிபிஐ பெட்டியில் 72 என்று போட்டாலும் 300 என்று போட்டாலும் போனில் ஒரே மாதிரிதான் தெரியும். அந்தப் பெட்டியைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

சிறிதாக்கினால் ஏன் மங்குகிறது

இதைப் புரிந்துகொண்டால் மென்பொருள் தேர்வு பாதி முடிந்த மாதிரி. 6000 பிக்சல் அகலப் படத்தை 2000 ஆக்கும்போது, பழைய படத்தில் மூன்றுக்கு மூன்றாக இருந்த 9 பிக்சல்கள் சேர்ந்து புதிய படத்தில் ஒரே பிக்சல் ஆகின்றன. கண்ணிமையின் கறுப்பும் பக்கத்துத் தோலின் நிறமும் கலந்து பழுப்பாகின்றன. கறுப்பு வெள்ளையாக இருந்த எல்லைக்கோடு கொஞ்சம் சாம்பலாகிறது. இதைத்தான் நாம் மங்கல் என்கிறோம்.

இந்தக் கலவையை எப்படிச் செய்வது என்பதற்குப் பல முறைகள் உண்டு. மென்பொருளில் நியரஸ்ட் நெய்பர், பைலீனியர், பைக்யூபிக், லான்சோஸ் என்ற பெயர்களைப் பார்ப்பீர்கள். நியரஸ்ட் நெய்பர் கலக்காமல் ஏதோ ஒரு பிக்சலை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடும். ஜரிகைக் கரையில் பட்டைகள் முளைப்பதும் தென்னை ஓலை படிக்கட்டுபோல உடைவதும் இதனால்தான். ஹங்கேரியக் கணித அறிஞர் கொர்னேலியஸ் லான்சோஸ் பெயரில் வழங்கும் லான்சோஸ் முறை, போட்டோவைச் சிறிதாக்க நம்பிக்கையாகப் பயன்படுத்தக்கூடியது. அது இல்லாவிட்டால் பைக்யூபிக். முறையின் பெயரையே காட்டாத மென்பொருளையும் உடனே ஒதுக்க வேண்டாம், சேலைப் படத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

சிறிதாக்கியபின் போன விளிம்பை மீட்கத்தான் ஷார்ப்பன். பெரும்பாலான மென்பொருளில் இதற்கு அன்ஷார்ப் மாஸ்க் என்று பெயர். ஷார்ப்பாக்கும் வேலைக்கு அன்ஷார்ப் என்று ஏன் பெயர் வந்தது என்று பலருக்குக் குழப்பம். பிலிம் காலத்து இருட்டறையில் பிறந்த உத்தி இது. நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு நகல் எடுத்து, அதை நெகட்டிவோடு சேர்த்து வைத்துப் பிரிண்ட் போட்டால் விளிம்புகள் எடுப்பாகத் தெரியும். கணினியும் அதே கணக்கைத்தான் போடுகிறது. படத்தை மங்கலாக்கி, அசலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, விளிம்பின் இருட்டுப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக்குகிறது.

அதில் மூன்று எண்கள். ரேடியஸ் என்பது விளிம்பிலிருந்து எத்தனை பிக்சல் தூரம் இந்த வேலை நடக்கிறது என்பது. அமௌன்ட் எவ்வளவு அழுத்தம் என்பது. த்ரெஷோல்டு, எவ்வளவு வித்தியாசம் இருந்தால்தான் அதை விளிம்பாக எண்ண வேண்டும் என்று சொல்வது. இது பூஜ்யமாக இருந்தால் இரவுப் படத்தின் நாய்ஸ் புள்ளி ஒவ்வொன்றையும் விளிம்பென்று நினைத்துக் கூராக்கிவிடும். 2000 பிக்சல் படத்துக்கு நான் ரேடியஸ் 0.6, அமௌன்ட் 80 சதவீதம், த்ரெஷோல்டு 3 என்று தொடங்குவேன். ஒவ்வொரு மென்பொருளும் இந்த எண்களை வேறு வேறு அளவுகோலில் வைத்திருக்கும். ஆகவே ஒன்றில் பழகிய எண்ணை இன்னொன்றில் அப்படியே போடாதீர்கள்.

முக்கியமானது வரிசை. முதலில் சிறிதாக்க வேண்டும், பிறகு ஷார்ப்பாக்க வேண்டும். பெரிய படத்தில் 0.6 பிக்சல் ரேடியஸ் வைத்துச் செய்த வேலை, 9 பிக்சல் ஒன்றாகும்போது கரைந்துபோகும். அதனால் அளவு மாறும்போதெல்லாம் ஷார்ப்பனும் மாறும். 2000 பிக்சலுக்கு ஒரு ஷார்ப்பன், 4கே டிவிக்கு ஒன்று, பிரிண்டுக்கு ஒன்று. ஒரே ஓட்டத்தில் சிறிதாக்குவது, ஷார்ப்பாக்குவது இரண்டையும், இந்த வரிசையில், நாம் கொடுக்கும் அளவில் செய்து தருகிறதா? ஒரு மென்பொருளைப் பற்றி நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

கை அசைந்தோ ஃபோகஸ் தவறியோ மங்கிய படத்துக்கு இது மருந்தாகாது. செயற்கை நுண்ணறிவில் இயங்கும் ஷார்ப்பன் கருவிகள் அதையும் சரிசெய்வதாகச் சொல்கின்றன. அவை படத்தில் இல்லாத விவரத்தை ஊகித்துத்தான் வரைகின்றன. கல்வெட்டுப் படத்திலோ பழைய குடும்பப் போட்டோவிலோ அது எழுத்தையும் முகத்தையுமே மாற்றிவிடக்கூடும். அப்படிப்பட்ட படங்களை அதன் கையில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

எந்தெந்த மென்பொருள்

விண்டோஸ் கணினியில், சும்மா சிறிதாக்கினால் போதும் என்றால் மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பில் இமேஜ் ரீசைசர் இருக்கிறது. படங்களைத் தேர்ந்து ரைட் கிளிக் செய்தால் முடிந்தது. அதில் ஷார்ப்பன் கிடையாது. அவசரத்துக்கு நல்லது.

இர்ஃபான்வியூ 1996இல் இர்ஃபான் ஸ்கில்ஜான் என்பவர் வெளியிட்டது, இன்றும் அவரே வளர்க்கிறார். பழைய, மெதுவான கணினியிலும் பறக்கும். திறந்ததும் கீபோர்டில் பி எழுத்தைத் தட்டினால் மொத்த வேலைக்கான ஜன்னல் வரும். அட்வான்ஸ்டு பட்டனுக்குள் போய் லாங் சைடு என்பதில் 2000 கொடுக்கலாம். ரீசாம்பிள் என்ற தேர்வை டிக் செய்யத் தவறாதீர்கள். ஷார்ப்பனுக்கு அங்கே ஒரே ஒரு எண்தான். ரேடியஸ், த்ரெஷோல்டு பிரித்துச் சொல்ல வழியில்லாததால் என் இரவுப் படத்தில் நாய்ஸ் கொஞ்சம் தூக்கலாக வந்தது. பகல் வெளிச்சப் படங்களுக்குக் குறை சொல்ல மாட்டேன். சொந்த உபயோகத்துக்கு இலவசம், தொழிலுக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும். ஃபாஸ்ட்ஸ்டோன் போட்டோ ரீசைசரும் ஏறக்குறைய இதே ரகம், முதல் தடவை செய்பவர்களுக்கு அதன் ஜன்னல் இன்னும் தெளிவாக இருக்கும். இரண்டுமே விண்டோஸுக்கு மட்டும்தான்.

மேக் வைத்திருப்பவர்களுக்குக் கூடவே வரும் பிரிவியூவில் பல படங்களைச் சேர்த்துத் தேர்ந்து அளவைக் குறைக்கலாம். ஆனால் அது அசலிலேயே சேமித்துவிடும் சுபாவம் உடையது. நகல் எடுத்துவைத்த ஃபோல்டரில் மட்டும் செய்யுங்கள்.

ரா கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை ஜேபெக் ஆக்காமல் அப்படியே, எடுப்பவர்களின் நிலைமை வேறு. லைட்ரூம் கிளாசிக்குக்கு ஏற்கெனவே சந்தா கட்டுகிறீர்கள் என்றால் வேறெங்கும் போக வேண்டாம். எக்ஸ்போர்ட் ஜன்னலிலேயே அளவும் இருக்கிறது, திரைக்கா, மேட் தாளுக்கா, கிளாஸி தாளுக்கா என்று கேட்டு ஷார்ப்பன் செய்யும் வசதியும் இருக்கிறது. காசு செலவழிக்க விருப்பமில்லை என்றால் ராதெரபி. சிறிதாக்கிய பிறகு செய்யும் ஷார்ப்பனுக்கு என்றே அதில் தனிப்பகுதி உண்டு. படங்களை அடுக்கிப் பார்க்கவும் டிஜிகேம் பயன்படுத்துகிறவர்கள் அதன் பேட்ச் க்யூ மேனேஜரிலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம்.

கட்டளை தட்டிப் பழகியவர்களுக்கு இமேஜ்மேஜிக். ஆயிரம் படத்தையும் ஒரே வரியில் முடிக்கும். அதன் மோக்ரிஃபை கட்டளைக்குச் சேமிக்கும் இடத்தைத் தனியாகச் சொல்லாவிட்டால் அசல்மேலேயே எழுதிவிடும். புதியவர்கள் அங்கே தொடங்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்தவர்கள் கேட்டால் நான் முதலில் கைகாட்டுவது எக்ஸ்என்கன்வெர்ட். பிரான்ஸைச் சேர்ந்த பியர் கூஜ்லே உருவாக்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீட்டு உபயோகத்துக்கு இலவசம். ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள், ஒற்றை மனிதரின் உழைப்பில் வளர்ந்த கருவி அது. எனக்கு அதில் பிடித்தது, செய்ய வேண்டிய வேலைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியல் போட்டு, வரிசையை நாமே மாற்ற விடுவது.

இலவசமாகச் சுருக்கித் தரும் இணையதளங்களும் ஏராளம். வீட்டுக் குழந்தைகளின் 600 படங்களை முகம் தெரியாத ஒரு சர்வருக்கு ஏற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஒரு தடவை செய்து பார்ப்போம்

எக்ஸ்என்கன்வெர்ட்டைத் திறந்தால் மேலே சில தாவல்கள் இருக்கும். இன்புட் தாவலில் உங்கள் ஐந்து படங்களை இழுத்துப் போடுங்கள். ஆக்‌ஷன்ஸ் தாவலுக்குப் போய், சேர்க்கும் பட்டனை அழுத்தி இமேஜ் பிரிவில் ரீசைஸ் எடுங்கள். நீளமான பக்கத்தை வைத்து அளவு சொல்லும் முறையைத் தேர்ந்து 2000 கொடுங்கள். அகலம் 2000 என்று கொடுத்தால் நிமிர்ந்த படங்கள் மட்டும் 2000க்கு 3000 என்று பெரிதாக வெளிவரும். விகிதம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற டிக் இருக்கட்டும். சிறிய படத்தைப் பெரிதாக்காதே என்று சொல்லும் தேர்வும் உண்டு, அதையும் வையுங்கள். இடையில் யாரோ அனுப்பிய 800 பிக்சல் படம் கலந்திருந்தால் அது ஊதிப் பெருக்காமல் தப்பிக்கும். ரீசாம்பிள் முறையில் லான்சோஸ்.

இப்போது ஃபில்டர் பிரிவிலிருந்து அன்ஷார்ப் மாஸ்க்கைச் சேருங்கள். பட்டியலில் அது ரீசைஸுக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே போயிருந்தால் இழுத்துக் கீழே விடுங்கள். பக்கத்தில் முன்னும் பின்னும் காட்டும் சிறு ஜன்னல் இருக்கிறது, அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவுட்புட் தாவலில்தான் மிக முக்கியமான முடிவு. சேமிக்கும் இடமாகப் புது ஃபோல்டர் ஒன்றைக் கொடுங்கள். பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்த முந்நூறு சொச்சம் படங்களை 1024 பிக்சலுக்கு மாற்றும்போது, நான் அதே ஃபோல்டரைக் கொடுத்து, மேலெழுதலாமா என்ற கேள்விக்கும் சரி என்று அழுத்திவிட்டேன். மெமரி கார்டை அதற்கு முன்பே அழித்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா வந்தார். மகளின் முதல் பரதநாட்டிய மேடை, சுவரில் மாட்டப் பெரிதாக ஒரு பிரிண்ட் வேண்டும் என்றார்கள். 1024 பிக்சலில் மூன்றரை அங்குலத்துக்குமேல் தரமாகப் போட முடியாது. அந்தப் பெண் அரைமண்டியில் நின்ற படம் அது, சலங்கை மணிகள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய மாதிரி எடுத்திருந்தேன். இன்றைக்கும் நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அன்றிலிருந்து புது ஃபோல்டர் கொடுப்பதோடு, கோப்பின் பெயர் முடிவில் 2000 என்று சேரும்படியும் வைத்துவிடுகிறேன். ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைக்கும் பழக்கம் உள்ளவர்கள், சோதனையையும் தமிழ்ப் பெயருள்ள ஃபோல்டரிலேயே செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபார்மட் ஜேபெக், தரம் 85. இந்த எண்ணும் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். ஃபோட்டோஷாப் சேமிக்கும்போது 12 வரைக்கும்தான் எண்ணும். 85க்குக் கீழே வெகுவாக இறங்கினால் வானத்திலும் கன்னத்திலும் சதுரம் சதுரமாகத் திட்டுகள் தெரியும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் வரும் திட்டுகள் அவை. ஷார்ப்பன் கூடக்கூட கோப்பின் எடையும் கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நிறமும் திசையும் இருப்பிடமும்

சில கேமராக்களில் மெனுவுக்குள் அடோபி ஆர்ஜிபி என்ற நிற அமைப்புத் தேர்வு இருக்கும். அதில் எடுத்த படத்தின் நிறக்குறிப்பைத் தூக்கிவிட்டு அனுப்பினால், எதிராளியின் போனில் குங்குமச் சிவப்பு வெளுத்து செங்கல் நிறமாகத் தெரியும். உங்கள் மென்பொருளால், திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள், முடியாவிட்டால் ஐசிசி புரொஃபைல் என்ற அந்த நிறக்குறிப்பை அப்படியே வைத்திருக்கும் டிக் அவசியம். கேமராவிலேயே எஸ்ஆர்ஜிபி வைத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

ஐந்தாவது படத்துக்கு வருவோம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல சமயம் கோப்புக்குள் படம் படுக்கையாகத்தான் இருக்கும். படத்தோடு சேர்த்துக் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில், இதைத் திருப்பிக் காட்டு என்று ஒரு குறிப்பு மட்டும் கூடவே போகும். மென்பொருள் படத்தைத் திருப்பாமல் அந்தக் குறிப்பை மட்டும் அழித்துவிட்டால் பாட்டி படுத்துக்கொண்டு வருவார். எக்ஸிஃப் பார்த்துத் தானாகத் திருப்பும் வசதி இருக்கிறதா என்று இந்த ஒரு படத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

அதே எக்ஸிஃபில்தான் போன் எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்கின்றன. உங்கள் சேமிப்புக்கான நகலில் தேதி, கேமரா விவரம் எல்லாம் இருக்கட்டும். வெளியே அனுப்பும் நகலில், முக்கியமாக வீட்டில் எடுத்த குழந்தைகளின் படங்களில், அந்தத் தகவல்களை நீக்கிவிடுங்கள்.

பார்த்துவிட்டு, அப்புறம் மொத்தமாக

ஐந்து படமும் வெளியே வந்ததும் 100 சதவீத அளவில் பாருங்கள். திரைக்குள் அடங்கும்படி சுருக்கிப் பார்த்தால் ஷார்ப்பனின் உண்மை தெரியாது. விண்டோஸில் டிஸ்பிளே ஸ்கேலிங் 125, 150 என்று இருந்தால் சில மென்பொருள்கள் படத்தையும் சேர்த்துப் பெரிதாக்கி மங்கலாகக் காட்டும், அதைப் பார்த்து ஷார்ப்பனைக் கூட்டிவிடாதீர்கள். தென்னை ஓலையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அமௌன்டைக் குறையுங்கள். கோடு தடிமனாக இருந்தால் ரேடியஸைக் குறையுங்கள். இருட்டில் மணல் தூக்கலாக இருந்தால் த்ரெஷோல்டை ஒன்று ஒன்றாகக் கூட்டுங்கள். முகம் இயல்பாக இருக்கிறதா என்பதைக் கடைசியாகப் பாருங்கள், அதற்காக மற்ற நான்கிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். கடைசியில் ஒரு தடவை போனுக்கு அனுப்பி, வெயிலில் நின்று பாருங்கள். சொந்தக்காரர்கள் அதில்தான் பார்க்கப்போகிறார்கள்.

பிரிண்டுக்கு இந்தக் கண் அளவு சரிவராது. தாளில் மை கொஞ்சம் பரவுவதால், திரையில் சற்று அதிகம் என்று தோன்றும் ஷார்ப்பன் தாளில் சரியாக உட்காரும். ரேடியஸ் 1 அல்லது 1.2 வைத்து ஒரு படத்தை 4க்கு 6 அளவில் லேபில் போட்டுப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

திருப்தியானதும் அமைப்புகளைப் பிரிசெட்டாகச் சேமித்து, எதற்கென்று பெயரிலேயே எழுதுங்கள். என்னிடம் மூன்று இருக்கின்றன: போன் 2000, டிவி 3840, பிரிண்ட் 4க்கு 6. இரவுப் படங்களைத் தனி ஃபோல்டராகப் பிரித்து, த்ரெஷோல்டு கூட்டிய நான்காவது ஒன்றும் வைத்துக்கொள்ளலாம்.

அசல் ஃபோல்டர் வேறொரு டிஸ்கிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். 600 படத்துக்குச் சாதாரண மடிக்கணினியில் ஒரு டீ குடித்துவிட்டு வரும் நேரம் ஆகும். முடிந்ததும் இரண்டு ஃபோல்டரிலும் படங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கோளாறான கோப்பு ஏதாவது இருந்து நடுவில் விட்டுப்போயிருந்தால் அந்த எண்ணிக்கையில்தான் தெரியவரும்.